அத்தியாயம் 9: எப்போது கம்பெனி மாறுவது?

சனிக்கிழமை காலையில் திருநள்ளாறு நளதீர்த்தத்தில் முங்கி எழுந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு அடுத்தபடி அதிகம் காதில் விழுவது வேலைக் கவலைதான். இந்த அத்தியாயம் அவர்களுக்கு வேலை தேடித் தருகிற உங்களுக்கானது. நாள் முழுக்க அடுத்தவர் ராஜினாமாவுக்கு நாள் குறிக்கிற ரெக்ரூட்டர், தன் ராஜினாமாவை மட்டும் ஏதோ ஒரு திங்கட்கிழமைக் கோபத்தில் அனுப்பிவிடுகிறார்.

காரைக்கால் பகுதியில் இருந்துகொண்டு இந்தத் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் நாலு வகை. வீட்டிலிருந்தபடியே சென்னை, பெங்களூரு கன்சல்டன்சிக்கு ஃபோனில் ஆள் பிடிப்பவர். துறைமுகம், ஓஎன்ஜிசி, தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டரிடம் இருப்பவர். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் இருப்பவர். ஆஸ்பத்திரி, கல்லூரி, ஆலை ஒன்றின் எச்ஆர் பிரிவில் இருப்பவர். கீழே உள்ளதில் பெரும்பகுதி முதல் வகையினருக்கு. மற்றவர்களுக்கு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

முதலில் கணக்கு: உங்கள் பணம் எங்கே நிற்கிறது?

கன்சல்டன்சி ரெக்ரூட்டர் இன்று செய்யும் வேலைக்கு இன்று கூலி வருவதில்லை. ஒரு ஆளை எடுத்துப் பார்ப்போம்.

ஆண்டுக்கு 6 லட்சம் சம்பளத்தில் ஒரு அக்கவுண்டன்ட். ஜனவரி 10 அன்று ஆஃபர் லெட்டர் வாங்குகிறார். அவருக்கு 60 நாள் நோட்டீஸ், ஆகவே சேர்வது மார்ச் இரண்டாவது வாரம். அன்றுதான் உங்கள் கம்பெனி பில் போடும். பரவலாக நடப்பில் உள்ள 8.33 சதவீதக் கட்டணம், அதாவது ஒரு மாதச் சம்பளம், சுமார் ரூ. 50,000. கிளையன்ட் 45 நாள் கடனில் கட்டினால் பணம் வருவது ஏப்ரல் கடைசி. அதோடு முடியவில்லை. 90 நாளுக்குள் அந்த ஆள் ஓடிவிட்டால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்ற உத்தரவாதம் ஜூன் 9 வாக்கில்தான் தீர்கிறது. அதன்பிறகே இன்சென்டிவ் தருகிற கம்பெனி என்றால், ஜனவரியில் நீங்கள் தொண்டை வறளப் பேசியதற்கான காசு ஜூன் மாதச் சம்பளத்தோடு வரும்.

இதில் உங்கள் பங்கு ரூ. 4,000 என்றும், மாதம் இரண்டு ஜாயினிங் என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நேரத்தில் எண்ணினாலும் எட்டுப் பத்து பேரின் பணம், அதாவது ரூ. 32,000 முதல் 40,000 வரை, வழியில் நின்றுகொண்டிருக்கும். யோசிக்காமல் கிளம்பினால் இதைத்தான் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இப்படி எழுதுங்கள். கம்பெனி கம்ப்யூட்டரில் வேண்டாம், உங்கள் நோட்டில்:

1. ஆளின் முதல் எழுத்தும் பதவியும் மட்டும் (முழுப் பெயர், ஃபோன் நம்பர் கூடாது, காரணம் பின்னால் வருகிறது).
2. சேர்ந்த தேதி.
3. கிளையன்ட் பணம் கட்டிய தேதி.
4. உத்தரவாதம் தீரும் தேதி.
5. உங்களுக்கு வர வேண்டிய தொகை, வந்த தேதி.

அடுத்து, கம்பெனியின் இன்சென்டிவ் விதிகளை எடுத்து ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: பணம் தரும் நாளில் ஊழியர் பணியில் இருக்க வேண்டுமா? நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கும் உண்டா? பல இடங்களில் “நோட்டீஸ் கொடுத்தவருக்கு இல்லை” என்றுதான் இருக்கும். அப்படியானால் பெரிய தொகை கணக்கில் ஏறிய மறுநாள்தான் உங்கள் ராஜினாமா நாள். வாய்மொழி வாக்குறுதியை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

கணக்குப் பார்க்காமல் கிளம்ப வேண்டிய இடங்கள்

மேலே சொன்ன பொறுமை எல்லாம் நேர்மையான கம்பெனிக்குத்தான். கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தாலும் நிலுவை, நோட்டீஸ் என்று யோசிக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குப் பதிவு இல்லை என்பது முதலாவது. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். சிறைத்தண்டனை வரை போகும். இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் முதலாளியின் பெயரை இன்றைக்கே அதில் தேடுங்கள். “நாங்கள் சென்னை ஏஜென்ட்டுக்கு சப்-ஏஜென்ட்” என்ற பதில் பதிவாகாது. ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ. 30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி. உங்கள் அலுவலகத்தில் லட்சக்கணக்கில் ரசீதில்லாமல் வாங்கி, பாஸ்போர்ட்டையும் பீரோவில் பூட்டி வைத்தால், நாளை ஊர்க்காரர்கள் வந்து நிற்கப்போவது முதலாளி வாசலில் அல்ல. ஃபோனில் பேசி நம்ப வைத்தது நீங்கள் என்பதால் உங்கள் வீட்டு வாசலில். 2022-ல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று கூட்டிப்போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, அரசு தலையிட்டு மீட்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சங்கிலியிலும் முதல் ஃபோனைப் பேசிய ஒருவர் இருந்திருப்பார்.

இரண்டாவது, உள்நாட்டு வேலைக்கும் ஆளிடமே “ரெஜிஸ்ட்ரேஷன்”, “டெபாசிட்” என்று வசூலிக்கச் சொல்வது. ஜிபே உங்கள் நம்பருக்கு வந்தால் இன்னும் மோசம்.

மூன்றாவது, பிஎஃப் பிடிக்கிறார்கள், கட்டவில்லை. ஒரு மாதத்துக்கான தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம், பாஸ்புக்கில் காலி என்றால் அந்த நிறுவனம் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். உங்கள் இன்சென்டிவைத் தரப்போவதும் இல்லை.

நிதானமாக யோசித்துக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

சனி ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பார் என்பது இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரெக்ரூட்டர் ஒரு கம்பெனியில் இருப்பதற்கும் ஏறத்தாழ அதுதான் நல்ல அளவு என்பது என் கருத்து. பதினெட்டு மாதத்துக்குள் மாறினால், ரெஸ்யூமே படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் உங்கள் ரெஸ்யூமேயை எப்படிப் படிப்பார் என்று உங்களுக்கே தெரியும். மூன்று ஆண்டு தாண்டியும் அதே மேஜையில் அதே வேலை என்றால் அதுவும் கேள்விதான். ஆனால் காலண்டரை விட நம்பகமான அளவுகோல், நீங்கள் நிரப்பும் பதவிகள்.

நோட்டைத் திறந்து கடைசி பன்னிரண்டு ஜாயினிங்கைப் பாருங்கள். எல்லாமே 2 முதல் 3 லட்சம் சம்பள டெலிகாலர், டேட்டா என்ட்ரி என்றால், எண்ணிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் நீங்கள் வளரவில்லை. ஓராண்டுக்கு முன் 3 லட்சத்தில் ஆள் எடுத்தவர் இப்போது 8 லட்சத்தில் பிளான்ட் இன்ஜினீயரை எடுக்கிறார் என்றால், சம்பளம் ஏறாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் இருக்கலாம். சந்தை உங்களுக்குத் தரப்போகும் விலை அந்தப் பதவிகளில்தான் இருக்கிறது.

இரண்டாவது அறிகுறி, கிளையன்டோடு பேச விடுகிறார்களா என்பது. போர்ட்டலில் தேடு, ஃபோன் பண்ணு, ஷீட்டில் ஏற்று என்பதோடு நிறுத்தி, ரிக்வயர்மென்ட் பேசுவதும் சம்பளம் பேசி முடிப்பதும் மேலே ஒருவர் மட்டும் என்றால், ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அங்கே கற்க ஒன்றுமில்லை. கேட்டுப் பாருங்கள்: “அடுத்த கிளையன்ட் காலில் நானும் உட்காரலாமா சார்?” இரண்டு முறை கேட்டும் தள்ளிப்போனால் தேட ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது, கம்பெனியின் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்டிடமிருந்து வருவது. பெரிய நிறுவனங்கள் கைமாறும். காரைக்கால் துறைமுகமே திவால் நடவடிக்கை வழியாக 2023 ஏப்ரலில் அதானி போர்ட்ஸ் கைக்குப் போனது. இப்படி முதலாளி மாறும்போது ஆள் சப்ளை ஒப்பந்தங்களும் மறுபடி பேசப்படலாம். கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவர் அந்தச் செய்தி வந்த வாரமே, “நம் ஒப்பந்தம் எந்தத் தேதி வரை?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*குறிப்பு:* உங்கள் கம்பெனியே கைமாறினால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ரெஸ்யூமேயில் எழுதுங்கள். 1992-ல் கே. பாண்டியராஜன் சென்னையில் தொடங்கிய மாஃபா, பின்னர் மாஃபா ரான்ஸ்டாட் ஆகி, ரான்ஸ்டாட் இந்தியா ஆனது. பெயர் ஒத்துப்போகவில்லை என்று பின்னணிச் சோதனையில் ஒரு வாரம் இழுப்பதை இந்த ஒரு வரி தவிர்க்கும்.

கிளம்பக் கூடாத நேரங்கள்

ஒரே ஒரு குவார்ட்டர் டார்கெட் போனதற்காக வேண்டாம். புது டீம் லீடரோடு முதல் மாதச் சண்டைக்காக வேண்டாம். இந்தத் தொழிலில் டீம் லீடர்கள் உங்களுக்கு முன்பே போய்விடுவார்கள். நண்பனின் சம்பளத்தைக் கேட்டுக் கிளம்பாதீர்கள், அவன் சொல்வது கையில் வருவதா சிடிசியா என்பது அவனுக்கே தெரியாது. முதல் வேலை என்றால், ஏப்ரல் இன்க்ரிமென்ட், கேம்பஸ் காலம், மார்ச் மந்தம் என்று ஒரு முழுச் சுற்றைப் பார்க்காமல் நகர வேண்டாம்.

ஐந்தாம் ஆண்டில் இருப்பவருக்குத் தனியாக ஒன்று. நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை ஐந்தாண்டுத் தொடர் சேவைக்குப் பிறகே. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் வழக்குப் போட்டு வாங்குவதைவிட மீதி நாலு மாதம் இருந்துவிட்டுப் போவது சுலபம்.

எங்கே போவது?

கன்சல்டன்சியிலிருந்து இன்னொரு கன்சல்டன்சிக்குப் போவது படி ஏறுவதல்ல, பெரும்பாலும் நாற்காலி மாற்றுவதுதான். விதிவிலக்கு: சப்-வெண்டரிடமிருந்து நேரடி கிளையன்ட் வைத்திருப்பவரிடம் போவது, அல்லது பொதுவாக எல்லாரையும் எடுத்தவர் ஒரு துறைக்கு, உதாரணமாக மருத்துவமனை, எண்ணெய்-எரிவாயு, ஐடி என்று, இறங்குவது. எண்ணெய்-எரிவாயுவும் துறைமுகமும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, பெங்களூரு டெலிகாலர் வேலைகளையே நிரப்பிக்கொண்டிருப்பது எனக்கு வீணாகப் படுகிறது. ரிக் ஷிஃப்ட் என்றால் என்ன, எந்த ஐடிஐ டிரேடுக்கு எங்கே கிராக்கி என்பது உங்களுக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்திருக்கும். சென்னைக்காரர் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியின் உள்ளே எச்ஆர் வேலைக்குப் போனால் இன்சென்டிவ் போகும், நிலையான சம்பளமும், நீங்கள் எடுத்த ஆள் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்று பார்க்கும் வாய்ப்பும் வரும். உங்கள் கிளையன்டிடமே போவதாக இருந்தால், ஒருவர் ஆளை ஒருவர் எடுக்கக் கூடாது என்ற ஷரத்து இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அந்த கிளையன்டின் எச்ஆரிடமே கேட்டுவிடுங்கள்.

ஊர் மாறுவதற்கும் கணக்கு உண்டு. வீட்டிலிருந்து ரூ. 22,000 வாங்குபவருக்குச் சென்னையில் ரூ. 32,000. சாப்பாட்டோடு ஹாஸ்டல் 9,000, போக்குவரத்து 2,000, மாதம் இருமுறை ஊர் வந்துபோக 2,000 என்று போட்டால் மிச்சம் 19,000. மூவாயிரம் நஷ்டம். அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நிரப்பப்போகும் பதவிகள் பெரிதென்றால் அந்த மூவாயிரத்தை ஓராண்டுக்குக் கல்விச் செலவாக எழுதிவிடலாம். அதே டெலிகாலர் வேலைதான் அங்கும் என்றால் ஊரிலேயே இருங்கள்.

படிப்படியாக

1. நோட்டில் நிலுவையைக் கூட்டுங்கள். பெரிய தொகை வரும் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மூன்று மாதம் முன்பிருந்து தேடத் தொடங்குங்கள்.
2. கம்பெனியின் போர்ட்டல் லாகினில் உங்கள் வேலையைத் தேடாதீர்கள். உங்கள் ரெஸ்யூமேயைப் போர்ட்டலில் புதுப்பித்தால் பக்கத்து மேஜைக்காரரின் தேடலில் அது முதல் பக்கத்தில் வரும். தற்போதைய நிறுவனத்துக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் பழைய சக ஊழியர் வழியாகப் போவதுதான் பத்திரம்.
3. ரெஸ்யூமேயில் “சோர்சிங், ஸ்கிரீனிங்” என்று எழுதி நிரப்பாதீர்கள். எத்தனை ஆஃபர், அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 90 நாள் தாண்டினார்கள், எந்தச் சம்பளத்தில் என்ற எண்கள் போதும். கிளையன்ட் பெயர்களுக்குப் பதில் துறையை எழுதுங்கள்.
4. நேர்முகத்துக்கு நாள் கொடுக்கும் முன் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். சனிப்பெயர்ச்சிக்குப் பேருந்துகள் திருப்பி விடப்படும், லாட்ஜ்கள் நிரம்பிவிடும். தேதியையும் உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி பெயர்ச்சி என்று பத்திரிகைகள் எழுத, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-ல்தான் என்று திருநள்ளாறு கோயில் விளக்கம் தர வேண்டியிருந்தது.
5. நேர்முகத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை: ஒரு ரெக்ரூட்டரிடம் ஒரே நேரத்தில் எத்தனை ரிக்வயர்மென்ட்? போர்ட்டல் லாகின் தனியா, பங்கா? கிளையன்ட் நேரடியா? இன்சென்டிவ் எப்போது கைக்கு வரும்? இந்த நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அதே கேள்வியை அங்கு வேலை செய்யும் ஒருவரிடம் கேளுங்கள்.
6. ஆஃபர் லெட்டரில் நிலையான சம்பளம், இன்சென்டிவ் அடுக்கு, நோட்டீஸ் நாள், ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்டும் நிபந்தனை நான்கும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். “வந்து சேருங்க, பார்த்துக்கலாம்” என்பதை உங்கள் கேண்டிடேட்டிடம் ஒப்புக்கொள்ளச் சொல்வீர்களா?
7. கையெழுத்திட்ட ஆஃபர் கையில் வந்த பிறகு, இன்சென்டிவ் கணக்கில் ஏறிய பிறகு, ராஜினாமா மெயில். இந்த இரண்டு “பிறகு”களின் வரிசை மாறலாம், ஆனால் ஒன்றும் விடுபடக் கூடாது.

ராஜினாமாவைச் சொல்வது

நேரில் அல்லது ஃபோனில் முதலில் சொல்லிவிட்டு, அதே மணி நேரத்தில் மெயில் போடுங்கள். பேச்சு இவ்வளவு போதும்:

“சார், அடுத்த வேலை உறுதியாயிடுச்சு. நோட்டீஸ் முப்பது நாளும் முழுசா இருக்கேன். ஜாயினிங் பாக்கி இருக்கிற ஏழு பேரை யார்கிட்ட ஒப்படைக்கணும்னு சொல்லுங்க, தினம் ரெண்டு பேரா பேசி அறிமுகப்படுத்திடறேன்.”

“எவ்வளவு தர்றாங்க? சொல்லு, மேல பேசிப் பார்ப்போம்.”

“பணத்துக்காக மட்டும் இல்ல சார். கிளையன்டோட பேசற வேலை அங்க கிடைக்குது.”

இங்கே நிறுத்துங்கள். கவுன்டர் ஆஃபரை ஏற்றுக்கொண்ட கேண்டிடேட்டுகளைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது உங்கள் மேனேஜருக்கும் தெரியும்.

கொண்டுபோகக் கூடாதவை

இந்தத் தொழிலில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கம்பெனி சந்தாவில் இறக்கிய ரெஸ்யூமேக்கள், எக்செல் ஷீட், கிளையன்ட் கட்டண விவரம் எதையும் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள். அனுமதியின்றித் தரவைப் பிரதியெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வரும். கேண்டிடேட்டின் சொந்த விவரத்தை அவர் சம்மதித்த காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் நோட்டில் முழுப் பெயர் வேண்டாம் என்றது இதற்குத்தான். தெரிந்தவர்கள் லிங்க்ட்இன்னில் உங்களோடு இணைந்திருந்தால் அது போதும். ஞாபகத்துக்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது.

“விலகிய பின் ஓராண்டு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது” என்ற ஷரத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் அதிகம் கலங்க வேண்டாம். 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவுப்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகான தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பாண்டு வேறு விஷயம். மூன்றாண்டுக்குள் விலகினால் ரூ. 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் தொகையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாளும் அதற்குப் பின்னும்

ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் லாகின் மூடப்படும் முன் வாங்கிவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவரின் ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இழுத்தால் அந்த வரியைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்.

பிஎஃப் தளத்தில் விலகிய தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இடத்தில் 30 வரை, புதிய இடத்தில் 25 முதல் என்று ஆறு நாள் மேற்படிந்தாலும் இரட்டை வேலையோ என்ற கேள்வி வரும். கணக்கில் உள்ள தொகையை எடுக்காமல் அதே யூஏஎன் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தச் சேவை ஐந்தாண்டு ஆகும் முன் எடுத்தால் வரி, பத்தாண்டு ஆகும் முன் ஓய்வூதியக் கணக்கை முடித்துவிட்டால் மாத ஓய்வூதியத் தகுதியும் போய்விடும்.

நிதியாண்டின் நடுவில் மாறினால் பழைய சம்பள விவரத்தைப் புதிய இடத்தில் முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கழிவு போட்டுக் குறைவாக வரி பிடிக்கும். பாக்கி, ரிட்டர்ன் போடும் ஜூலையில் மொத்தமாக வந்து நிற்கும்.

புது நோட்டு வாங்கி, சேர்ந்த நாளையும் முதல் ரிக்வயர்மென்ட்டின் சம்பள அளவையும் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பழைய நோட்டில் வராத தொகை ஏதாவது மிச்சம் இருந்தால், ஒப்படைத்த ஏழு பேரில் யார் யாருக்கு 90 நாள் எப்போது தீர்கிறது என்று பார்த்து, அந்தத் தேதிகளில் பழைய கம்பெனி அக்கவுண்ட்ஸுக்கு ஒவ்வொரு மெயிலாகப் போடுங்கள்.